ஒரே மைதானத்தில் ஐந்து விமானங்கள்

ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு விடுமுறை நாளின் காலைதான் பொன்னான நேரம். காற்று இன்னும் வேகமெடுத்திருக்காது, வெயிலும் கண்ணைக் குத்தாது. எல்லோருக்கும் அதே நேரம் பிடித்திருப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறார்கள். அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் 1936 முதல் இயங்கிவரும் அமைப்பு. அதில் இணைந்த கிளப்புகளின் மைதானங்களில் பொதுவாக விதிப்பலகை ஒன்று நிற்கும். எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும், பைலட்டுகள் அருகருகே நிற்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் உரக்கச் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே நேரத்தில் பறக்கக் கூடாது, ஒரு கோட்டுக்குப் பின்னால் விமானம் வரவே கூடாது. புதிதாக வருகிறவருக்கு இவை மூத்த உறுப்பினர்களின் கண்டிப்பாகவோ, நாகரிகம் கருதிச் சொன்ன நல்வார்த்தையாகவோ தோன்றலாம். இரண்டுமே அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மோதல் நிகழும் வாய்ப்பை ஒரு சமன்பாடாக எழுதிவிட முடியும். பலகையிலுள்ள பெரும்பாலான விதிகள் அந்தச் சமன்பாட்டின் ஏதோ ஓர் உறுப்பைக் குறைக்கின்றன. மிச்ச விதிகள் மோதல் நடந்த பிறகு ஏற்படும் சேதத்தைக் குறைக்கின்றன. எந்த விதி எதைக் குறைக்கிறது என்று புரிந்துகொண்டால், எதைச் சூழலுக்கேற்பத் தளர்த்தலாம், எதில் கைவைக்கவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

விதிகளை ஏற்காதவர்களின் முதல் வாதம் வானம் பெரிது என்பது. ஒன்றரை மீட்டர் இறக்கை விரிப்புள்ள இரண்டு பொருள்கள் அவ்வளவு பரந்த வெளியில் ஒரே புள்ளிக்கு ஒரே நொடியில் வந்து சேருவது அபூர்வம் என்கிறார்கள். வாலில் காகித நாடா கட்டிக்கொண்டு ஒருவர் நாடாவை மற்றவர் வெட்டும் சண்டைப் போட்டிகளையும் சான்றுக்கு அழைக்கிறார்கள். வேண்டுமென்றே துரத்தினாலும் அங்கே பெரும்பாலும் குறி தப்பிப்போகிறது. இந்த வாதத்தை எண்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. வாயு மூலக்கூறுகள் எத்தனை தூரத்துக்கு ஒருமுறை மோதிக்கொள்கின்றன என்ற கேள்விக்கு 1858இல் ருடால்ஃப் கிளவ்சியஸ் ஒரு கணக்கு முறையை வகுத்தார். அதே முறையை வான்போக்குவரத்து ஆய்வாளர்களும் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜோடி விமானங்கள் ஒரு நொடியில் மோதும் வாய்ப்பு மூன்றே விஷயங்களைப் பொறுத்தது: அவை ஒன்றுக்கொன்று காட்டும் குறுக்குப் பரப்பு, ஒன்றை நோக்கி மற்றொன்று நகரும் சார்பு வேகம், இரண்டும் உலவும் வெளியின் கன அளவு. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் விடை வரும்.

பறக்கும் வெளி 300 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம், 100 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 45 லட்சம் கன மீட்டர். நடுத்தரப் பயிற்சி விமானங்கள் இரண்டு உரசிக்கொள்ளக்கூடிய பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். எந்த ஒழுங்கும் இல்லாமல் அவரவர் மனம்போல் சுற்றினால் சராசரிச் சார்பு வேகம் நொடிக்கு 30 மீட்டர் அளவில் இருக்கும். இரண்டே விமானங்கள் என்றால் சராசரியாக 75,000 நொடிக்கு ஒரு மோதல், அதாவது ஏறத்தாழ 21 மணி நேரப் பறத்தலுக்கு ஒன்று. வானம் பெரிது என்றவர் சொன்னது இதுவரைக்கும் சரிதான். ஆனால் மோதுவது தனி விமானம் அல்ல, ஜோடி. இரண்டு விமானங்களில் ஒரு ஜோடி, நான்கில் ஆறு, ஐந்தில் பத்து, எட்டில் இருபத்தெட்டு. ஐந்து விமானங்கள் மேலே இருந்தால் அந்த 21 மணி நேரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்குகிறது. எட்டு இருந்தால் முக்கால் மணி நேரம். இது ஒரு காலை வேளைக்குள் அடங்கிவிடுகிற காலம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பைக் கிளப்புகள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த இருமடிப் பெருக்கம்தான். ஒரு விமானம் கூடினால் ஆபத்து ஒரு பங்கு கூடுவதில்லை. ஏற்கெனவே மேலே இருக்கும் ஒவ்வொன்றோடும் அது ஒரு புது ஜோடி சேர்கிறது.

மாதிரி விமானங்கள் மூலக்கூறுகளைப் போல் கண்மூடித்தனமாக அலைவதில்லை, அவற்றின் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. மேலே போட்ட கணக்கு யாருமே எதையும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கான அடித்தளம் மட்டுமே. நடைமுறையில் மோதல்கள் அதைவிட அரிது. அந்த வித்தியாசத்தைச் சம்பாதித்துத் தருவது எது என்பதுதான் கேள்வி. பைலட்டின் கண்ணும் கைத்திறனும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஒழுங்குதான் அதில் பெரும்பங்கைத் தருகிறது, கண்ணின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது என்று நான் கருதுகிறேன்.

ஒழுங்கின் முதல் கூறு திசை. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களின் சார்பு வேகம் 40 மீட்டர். ஒரே திசையில், ஒன்று 25, மற்றொன்று 20 மீட்டர் வேகத்தில் போனால் சார்பு வேகம் வெறும் 5. இதனால் மூன்று பலன்கள் ஒருசேரக் கிடைக்கின்றன. சமன்பாட்டில் சார்பு வேகம் 30இலிருந்து 5 ஆவதால் மோதும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்காகிறது. இடையே 120 மீட்டர் இருக்கும்போது கவனித்தால் எதிரெதிர்ப் பயணத்தில் 3 நொடிதான் மிச்சம், ஒரே திசைப் பயணத்தில் 24 நொடி. அப்படியும் உரசிவிட்டால், மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 40க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் 64 மடங்கு. முதலாவதில் இரண்டு விமானமும் நொறுங்கும். இரண்டாவதில் ஒன்றாவது தரையிறங்க வழியுண்டு. எனவே காலையில் காற்றின் திசை பார்த்து, இன்று இடச்சுற்றா வலச்சுற்றா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவதுதான் அந்த நாளின் மிகப் பெரிய பாதுகாப்புச் செயல். காற்று திரும்பினால் எல்லோரும் சேர்ந்து மாற வேண்டும். தனியொருவர் மட்டும் தனக்கு வசதியான பக்கம் திரும்பிக்கொள்வது அந்த ஆறு மடங்கு ஆதாயத்தை எல்லோரிடமிருந்தும் பறிப்பதாகும்.

இங்கே கூர்மையான ஓர் ஆட்சேபம் உண்டு. எல்லோரையும் ஒரே சுற்றுப்பாதையில் போட்டால் எல்லோரும் ஒரே குறுகிய வெளிக்குள் வந்துவிடுகிறார்களே, சமன்பாட்டின் கன அளவு சுருங்குகிறதே, அது ஆபத்தைக் கூட்டாதா? கூட்டும். பெரிய விமானங்களின் உலகில் இதற்குப் பெயரே உண்டு, வழிகாட்டல் முரண் என்பார்கள். கருவிகள் துல்லியமாக ஆக, விமானங்கள் தங்கள் பாதையின் நடுக்கோட்டை விட்டு விலகுவதே இல்லை. ஆகவே உயரத்தில் ஒரு தவறு நேர்ந்தால் எதிரே வருவதை நேராகச் சந்திக்கின்றன. 2006 செப்டம்பர் 29 அன்று அமேசான் காட்டின் மேல் கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் ஒரு லெகசி 600 தனியார் ஜெட்டும் 37,000 அடி உயரத்தில், ஒரே வான்வழியில், எதிரெதிராகச் சந்தித்தன. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். பழைய காலத்துத் துல்லியமின்மை அங்கே இருந்திருந்தால் இரண்டும் சில நூறு மீட்டர் விலகிப் போயிருக்கக் கூடும். இதிலிருந்து கற்க வேண்டியது ஒழுங்கு ஆபத்து என்பதல்ல, அரைகுறை ஒழுங்கு ஆபத்து என்பது. பாதையைப் பொதுவாக்கிவிட்டுத் திசையை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் கன அளவும் சுருங்கும், சார்பு வேகமும் குறையாது. மாதிரி விமானச் சுற்றுப்பாதை மொத்த வெளியை மூன்றில் ஒன்றாகச் சுருக்கினாலும், திசை ஒன்றாக இருக்கும்வரை வாய்ப்பு ஆறால் வகுபட்டு மூன்றால் பெருகுகிறது. முன்பிருந்ததில் பாதிதான். கூடுதலாகக் கிடைக்கும் 24 நொடி அவகாசம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

இனி கண்ணின் விஷயம். மாதிரி விமானத்தின் பைலட் விமானத்துக்குள் இல்லை, தரையில் நிற்கிறார். இந்த ஒரு வேறுபாடு பார்வையின் இலக்கணத்தையே மாற்றிவிடுகிறது. இடமும் வலமும், மேலும் கீழும் அவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. எவ்வளவு தூரத்தில் என்பதுதான் தெரிவதில்லை. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர். அந்தச் சிறு இடைவெளியால் இரு கண்களிலும் விழும் படங்கள் சற்றே வேறுபடுகின்றன, மூளை அதிலிருந்துதான் ஆழத்தைக் கணிக்கிறது. ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் 30 பங்கு அளவு வேறுபாட்டைக் கண் பிரித்தறியும் என்று கொள்வோம். ஆய்வகத்தில் இதைவிட நுட்பமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் வெளிர்வானத்தின் முன் விரைந்து நகரும் சிறு நிழலுருவத்துக்கு இதுவே தாராளம். கணக்கிட்டால், 100 மீட்டர் தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக 22 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு விமானங்களை இரு கண் பார்வையால் வேறுபடுத்த முடியாது. தொலைவு 150 மீட்டரானால் அந்தக் குருட்டு இடைவெளி 50 மீட்டர். மிச்சமிருப்பது உருவத்தின் அளவை வைத்து ஊகிப்பது மட்டுமே. பக்கத்தில் பறப்பது இரண்டு மீட்டர் விமானமா ஒரு மீட்டர் விமானமா என்று தெரியாதபோது அந்த ஊகமும் கைவிடும். மோதிவிட்டது என்று பார்வையாளர்கள் பதறுகிற பல நேரங்களில் இரண்டு விமானங்களும் சேதமில்லாமல் கடந்துபோவதும், நல்ல இடைவெளி இருப்பதாகப் பைலட் நம்பிய நேரத்தில் இறக்கை முறிவதும் இதே குறையால்தான்.

உள்ளே அமர்ந்து ஓட்டுகிற பெரிய விமானத்தின் பைலட்டுக்கே பார்த்து விலகுவது அத்தனை எளிதல்ல. ஆஸ்திரேலிய வான்பாதுகாப்புப் புலனாய்வுத் துறை 1991இல் வெளியிட்ட ஆய்வறிக்கை முழுக்க இதைப் பற்றியதே. ஒன்றையொன்று மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், நகராததைக் கண் எளிதில் பிடிக்காது என்று அது விளக்கியது. அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டிக் குறிப்பு இன்னும் துல்லியமாக நொடிகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரு பொருள் கண்ணில் பட 0.1 நொடி, அது விமானம் என்று உணர 1 நொடி, மோத வருகிறது என்று புரிய 5 நொடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி, தசை இயங்க 0.4 நொடி, விமானம் பணிய 2 நொடி. மொத்தம் 12.5 நொடி. எதிரெதிரே வரும் நம் மாதிரி விமானங்கள் 12.5 நொடியில் 500 மீட்டரைக் கடந்துவிடும். முழு மைதானமே 300 மீட்டர்தான். மாதிரி விமானம் சட்டென்று திரும்பும், பைலட்டும் விழிப்போடு இருக்கிறார், ஆகவே மூன்றே நொடி போதும் என்று எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், 120 மீட்டருக்கு முன்பே அவர் மற்ற விமானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பாரா? நம் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் மையம் ஏறக்குறைய 2 பாகை. 100 மீட்டர் தொலைவில் அது மூன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம். பைலட் தன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது. ஒன்றிரண்டு நொடி விலக்கினால் அது கவிழ்ந்து பறக்கிறதா, தன்னை நோக்கி வருகிறதா என்ற நிலைக்குறிப்பே தொலைந்துபோகும். ஆகவே அவர் கூர்மையாகக் காணும் உலகம் தன் விமானமும் அதைச் சுற்றி ஓரிரு மீட்டரும்தான். ஓரப்பார்வையில் அசைவு தெரியலாம், ஆனால் கவனம் வேறிடத்தில் கட்டுண்டிருக்கும்போது கண்ணில் படுவதும் மனதில் பதிவதில்லை. பந்து வீசுவதை எண்ணச் சொல்லிவிட்டு நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவரை நடக்கவிட்ட டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரின் 1999ஆம் ஆண்டுச் சோதனையில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தக் கொரில்லாவைக் காணவே இல்லை. 2010 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் பிரைட்டன் அருகே நடந்த விமான விழாவில், ஓடுபாதையின் மேல் தாழ்வாகக் கடந்த முழு அளவு இரட்டை இறக்கை விமானமும் ஒரு பெரிய மாதிரி விமானமும் மோதிக்கொண்டன. கூட்டமே பார்த்துக்கொண்டிருந்த வேளையில் நடந்தது அது. பெரிய விமானம் இறக்கையில் சேதத்தோடு பத்திரமாக இறங்கியது, யாருக்கும் காயமில்லை. அத்தனை கண்கள் இருந்தும் மோதலைத் தடுக்கவில்லை.

இதனால்தான் பைலட்டின் அருகில் நிற்கும் ஸ்பாட்டரை வெறும் உதவியாளராக நினைக்கக் கூடாது. அவரிடம்தான் சுதந்திரமான கண் இருக்கிறது. கண்ணாடித்திரை அணிந்து கேமரா வழியே ஓட்டுகிறவர்களுக்கு அருகில் ஒரு பார்வையாளர் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாயமே இருக்கிறது. திரையின் விளிம்புக்கு வெளியே நடக்கும் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. வெறுங்கண்ணால் ஓட்டுகிறவருக்கும், மேலே நான்கைந்து விமானங்கள் இருக்கும்போது, ஏறக்குறைய அதே நிலைமைதான். ஒரே நிறத்தில் இரண்டு விமானங்கள் மேலே இருந்தால், குறுக்கே கடக்கும் ஒரு கணத்தில் பைலட்டின் கண் அடுத்தவர் விமானத்தைப் பற்றிக்கொண்டு அதோடு போய்விடுவதும் உண்டு. கையிலுள்ள குச்சிகளுக்கு விமானம் பணியவில்லையே என்று அவர் திகைக்கும்போது, அவருடைய சொந்த விமானம் யாரும் ஓட்டாமல் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். இறக்கையின் அடிப்பக்கத்துக்கு அடர்ந்த நிறமும் பட்டைகளும் பூசுவது அழகுக்கு மட்டுமல்ல.

கண்ணால் முடியாததைக் குரல் செய்கிறது. பைலட்டுகள் எல்லோரும் ஓடுபாதையின் ஒரே பக்கத்தில், பேச்சு கேட்கும் தொலைவில், வரிசையாக நிற்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான். எதிர்ப்பக்கம் ஒருவர் தனியே நின்றால் அவருடைய இடம் இவர்களுக்கு வலம், அவர் கத்துவது என்ஜின் இரைச்சலில் கேட்காது. ஏறப் போகிறேன், இறங்கப் போகிறேன், ஓடுபாதையில் நான் இருக்கிறேன், பாதை காலி ஆகிய நான்கும் வழக்கமான அறிவிப்புகள். ஐந்தாவது மட்டும் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும் அறிவிப்பு: டெட் ஸ்டிக். என்ஜின் நின்றுவிட்டது, சுழலி ஓய்ந்துவிட்டது என்று பொருள். என்ஜின் நின்ற விமானம் கீழே ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னே எட்டு மீட்டர் மிதந்து போகும் என்றும், வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்றும் வைத்தால், 30 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 20 நொடி. சுற்றி வந்து மறுபடி முயலும் வாய்ப்பு அதற்குக் கிடையாது. மற்ற எல்லோருக்கும் என்ஜின் இருக்கிறது, காத்திருக்க முடியும். முடியாதவருக்கு வழிவிடுவது என்ற முன்னுரிமை முழுக்க இந்த இயற்பியலிலிருந்து வருவது. விமானத்தை எடுக்க ஓடுபாதைக்குள் போனவர் அந்த 20 நொடிக்குள் வெளியே வந்தாக வேண்டும், அதனால்தான் உள்ளே போகும்போதே உரக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதுவரை சொன்னவை மோதலைத் தவிர்ப்பதற்கு. மோதிவிட்டால், அல்லது ரேடியோ இணைப்போ மின்கலமோ கைவிட்டால், விமானம் எங்கே விழும் என்பது வேறு கணக்கு. இதைச் சிலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். போனால் ஒரு பொம்மை, பணம் என்னுடையது என்கிறார்கள். இரண்டரைக் கிலோ பயிற்சி விமானம் நொடிக்கு 25 மீட்டரில் வந்தால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 780 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டரில் வீசிய கிரிக்கெட் பந்தைப் போல் ஆறு மடங்கு. சுழலியையும் சேர்த்து எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் 10 அங்குலச் சுழலியின் முனை மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மாதிரி விமானங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பூங்காவில், 19 வயது இளைஞர் ஒருவர் தான் ஓட்டிய ஹெலிகாப்டரின் சுழலிறக்கை தாக்கி இறந்தார். அதை யாரும் பொம்மை என்று சொல்லக் கூடாது.

120 மீட்டர் உயரத்தில், அதாவது 400 அடியில், நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் சட்டென்று கட்டுப்பாட்டை இழந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் தரையைத் தொட 5 நொடி ஆகும், அதற்குள் முன்னே 124 மீட்டர் போயிருக்கும். 50 மீட்டர் உயரத்திலிருந்து என்றாலும் 80 மீட்டர். காற்றின் தடை இதைக் குறைக்கும், முறியாத ஓர் இறக்கை இதை எங்கும் திருப்பிவிடும். ஆகவே மனிதர்கள் நிற்கும் பக்கத்துக்கு மேலே பறக்கவே கூடாது என்ற கோடு எல்லா விதிகளிலும் கடினமானது. அந்தப் பக்கத்தை நோக்கி வேகமாகப் பாய்ந்து வந்து கடைசி நொடியில் திரும்புவதும் கோட்டை மதிப்பதாகாது, ஏனெனில் அந்தக் கடைசி நொடியில் இணைப்பு அறுந்தால் விமானம் திரும்பாது. பறக்கும் விமானத்துக்கும், பைலட் மற்றும் உதவியாளர் தவிர்த்த எந்த மனிதருக்கும் இடையே குறைந்தது 25 அடி என்பது அமெரிக்க அகாடமியின் பழைய விதி. அது மிகக் குறைந்தபட்சம். காட்சியாளர்களும் வாகனங்களும் அதைவிடப் பல மடங்கு பின்னால் இருப்பதே சரி. மைதானம் அமைக்கும்போது பைலட் வடக்கு நோக்கி நிற்குமாறு ஓடுபாதையைக் கிழக்கு மேற்காகப் போடச் சொல்வார்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது ஆண்டு முழுதும் பொருந்தும். சென்னையின் அகலாங்கில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது, இங்கே மைதானம் அமைப்பவர்கள் புத்தகத்தை அப்படியே நகலெடுக்க முடியாது.

தொழில்நுட்பம் இவற்றையெல்லாம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையை ஒரு வரலாற்றின் வழியே சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிட்ட 50 சேனல்கள் இருந்தன. ஒரே சேனலில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இயங்கினால் ரிசீவருக்கு எதுவும் புரியாது, மேலே இருக்கும் விமானம் விழுந்துவிடும். அதைத் தடுக்க மைதானத்தில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொரு சேனலுக்கும் ஒரே ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார்கள். கிளிப் கையில் இல்லாதவர் ஸ்விட்சைத் தொடக் கூடாது. மூன்று மைல் தொலைவுக்குள் இரண்டு மைதானங்கள் இருந்தால் அவை தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் தன் ரிசீவரோடு தனி அடையாளத்தால் பிணைந்துகொள்கிறது, பட்டை முழுவதும் பரவி இயங்குகிறது. ரேடியோ மோதல் என்ற பெரும் துன்பம் ஏறக்குறைய ஒழிந்தது. அது உண்மையான விடுதலை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிளிப் பலகை கூடவே இன்னொரு வேலையும் செய்துவந்தது. ஒவ்வொருவரும் பறக்கும் முன் ஒரே இடத்துக்கு நடந்துவந்து, யார் மேலே இருக்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு வார்த்தை பேசியாக வேண்டியிருந்தது. இன்று இருபது பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போடலாம். ரேடியோ அலைகள் மோதாதபடி ஆகிவிட்டன, இறக்கைகள் அப்படியே இருக்கின்றன. தன்னிச்சையாக வீடு திரும்பும் ஜிபிஎஸ் வசதியும் இப்படித்தான். இணைப்பு அறுந்த டிரோன் நேர்க்கோட்டில் புறப்பட்ட இடத்துக்கு வரும். அந்த நேர்க்கோடு மற்றவர்களின் சுற்றுப்பாதையைக் குறுக்கே வெட்டும், சில வேளை மனிதர்கள் நிற்கும் இடத்தின் மேலாகவும் போகும். நெரிசலான மைதானத்துக்கு வரும்போது அந்த வசதியை எப்படி அமைத்திருக்கிறீர்கள் என்று புதியவரிடம் கேட்பது பழைய காலத்தில் உங்கள் சேனல் எது என்று கேட்டதற்குச் சமமான கேள்வி.

இன்னொரு மறுப்பு சாகசப் பைலட்டுகளிடமிருந்து வருகிறது. மூக்கை மேலே தூக்கி ஓடுபாதையின் மேல் தொங்கவிடுவதும் ஹெலிகாப்டரைத் தலைகீழாக நிறுத்துவதும்தான் அவர்களுடைய கலை, சுற்றுப்பாதையில் வரிசையாகப் போவது அவர்களுக்குப் பறத்தலே அல்ல. நான் அதை மதிக்கிறேன். ஆனால் நகராமல் தொங்கும் விமானம் மற்றவர்கள் இறங்க வேண்டிய குறுகிய வழியில் நிற்கிறது, சுற்றுப்பாதையில் வருகிறவர்களுக்கு அதுவே எதிர்த்திசை வாகனம். வெளியைப் பிரிக்க இடமிருந்தால் ஹெலிகாப்டருக்குத் தனி மூலை ஒதுக்கலாம். இடமில்லாத மைதானத்தில் நேரத்தைப் பிரிக்கலாம். பத்து நிமிடம் அவர் மட்டும், ஜோடிகளின் எண்ணிக்கை சுழியம். அப்போது அவர் எந்தத் திசையிலும் புரளலாம், எந்த விதியும் அவரைக் கட்டவில்லை, பின்கோடு ஒன்றைத் தவிர. திசை விதி தளர்த்தக்கூடியது, கோட்டு விதி தளர்த்தக்கூடாதது என்பதன் காரணம் இங்கே தெளிவாகிறது. முன்னது மற்ற விமானங்கள் இருப்பதால் வந்தது. பின்னது மனிதர்கள் இருப்பதால் வந்தது.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் 25 கிலோவுக்கு மேற்படாத, கல்விக்கோ ஆய்வுக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணெட்டும் தொலைவில் இயக்கப்படும் மாதிரி விமானங்களைத் தனியே வரையறுத்து, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிவரை பறக்க இடமளிக்கின்றன. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது, பொறியியல் கல்லூரிகளிலும் ஆர்வம் பெருகியிருக்கிறது. எடையையும் உயரத்தையும் சட்டம் சொல்லிவிடலாம். ஒரே கல்லூரி மைதானத்தில் ஒருவர் பயிற்சி விமானமும் இன்னொருவர் நான்கு சுழலி டிரோனும் மூன்றாமவர் கண்ணாடித்திரை வழியே பந்தய டிரோனும் எடுத்துவந்தால் யார் எப்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை அங்கே இருப்பவர்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

அப்படி முடிவு செய்யும்போது எழுகிற கடைசி முறையீடு காத்திருப்பு பற்றியது. தொலைவிலிருந்து வந்திருக்கிறோம், காலை நேரம் கொஞ்சம்தான், வரிசையில் நிற்கவா வந்தோம் என்பது. எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பறப்பார்கள் என்று வைப்போம். எட்டுப் பேரும் ஒன்றாக ஏறினால் பத்து நிமிடம் 28 ஜோடிகள். நான்கு நான்காக இரண்டு சுற்று ஏறினால் ஒவ்வொரு சுற்றிலும் 6 ஜோடிகள், இரண்டுக்கும் சேர்த்து 12. எல்லோரும் அதே பத்து நிமிடம் பறந்தாகிவிட்டது, மொத்த ஆபத்தோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. காத்திருந்தது பத்து நிமிடம்தான், மின்கலத்தை மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் திருகுகளைச் சரிபார்க்கவும் எப்படியும் வேண்டிய நேரம் அது. அதில் ஐந்து நிமிடம் போதும் வேலை முடிய. மீதி நேரத்தில் காத்திருக்கும் நால்வரும் பறக்கும் நால்வருக்குப் பக்கத்தில் ஆளுக்கொருவராகப் போய் நின்றால், அந்த மைதானத்தில் ஒவ்வொரு பைலட்டுக்கும் ஒரு ஸ்பாட்டர் கிடைத்துவிடுகிறார்.